கொல்லை மரத்துக்கு ஒரு பெயர்

பிரமிளாவுக்கு உற்சாகம் வந்தால் முதலில் செருப்பு மாறிப்போகும். ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறு காலில் வெளிச்செருப்புமாக ஆரணி பஸ் ஸ்டாண்டு வரை போய்விடுவாள். அங்கே யாராவது வாயைப் பொத்திச் சிரித்தால்தான் குனிந்து பார்ப்பாள். பார்த்த பிறகும் வெட்கப்பட மாட்டாள். "ரெண்டும் என்னுதுதான், யாருதையும் எடுத்துகினு வரல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

ஆனால் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இந்தக் கதையெல்லாம் செல்லாது. குப்பியில் பெயர் எழுதி ஒட்டாமல் அவள் ஊசியைத் தொட்டதில்லை. சர்க்கரைக்கு வந்தவரோ தைராய்டுக்கு வந்தவரோ, பெயரைச் சொல்லச் சொல்லி, திரும்பவும் ஒரு முறை சொல்லச் சொல்லி, வந்தவருக்கே தன் பெயர்மேல் சந்தேகம் வருகிற அளவுக்குக் கேட்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு சாம்பிள் மாறியதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கழுத்து கொஞ்சம் நீளும். நீளட்டும், தப்பில்லை.

அவள் பிறந்தது வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு ஜைன கிராமம். வாழ்க்கைப்பட்டு வந்தது ஆரணிக்கு, நெசவாளர் தெருவின் கோடியில் இருக்கும் ஜினகுமாரின் வீட்டுக்கு. ஜினகுமாருக்கு அரிசி மண்டி. ஊரே பட்டில் புரண்டாலும் அந்த வீட்டில் யாரும் பட்டு உடுத்துவதில்லை. புழுவைக் கொதிக்கவைத்து எடுத்த நூல் உடம்பில் படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். இன்னொரு விரதமும் உண்டு. பெயர் தெரியாத பழத்தை வாயில் வைக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பிரமிளாவுக்கு இதைவிட நியாயமான விரதம் உலகத்தில் இல்லை.

"லேபல் ஒட்டாத குப்பிய யாராவது டெஸ்ட் பண்ணுவாங்களா? அந்த மாதிரிதான் இதுவும்" என்பாள்.

இப்படிப்பட்டவளின் கொல்லையில்தான், வேண்டுமென்றே செய்த மாதிரி, பெயரே தெரியாத ஒரு பழமரம் நின்றது.

கிணற்றுக்கு அந்தப் பக்கம், தாழ்வான மூலையில் அந்த மரம். கிணற்றடியில் கழுவி ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். கோடையிலும் அந்த இடம் சேறாகவே கிடக்கும். ஊரில் மற்ற மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு வெயிலில் காயும்போது, இது மட்டும் உச்சி முதல் அடி வரை பச்சையாக நிற்கும். சித்திரை பிறந்ததும் கொத்துக் கொத்தாகப் பழுக்கும். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. அரக்கில் தொடங்கிக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும் தோல். தோலில் ஒரு மினுமினுப்பு. பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும். அணில் தின்றது, குக்குறுவான் குருவி தின்றது, பேர் தெரியாத பூச்சியெல்லாம் தின்றது. வீட்டுக்காரர்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜினகுமார் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் ஒரு தடவை பழத்தை உதட்டுவரை கொண்டுபோய்விட்டானாம். அப்பா கையில் ஒன்று போட்டாராம். "அந்த அடி இன்னும் காந்துது" என்று சொல்லிச் சிரிப்பான். மரத்தை யார் வைத்தார்கள் என்பதும் வீட்டில் யாருக்கும் தெரியாது. முப்பாட்டன் ஒருவர் மலையாள தேசத்துக்கு அரிசி வியாபாரமாகப் போய்வந்தவர், அவர் கொண்டுவந்திருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. அவ்வளவுதான்.

பிரமிளா சும்மா இருந்தவளில்லை. வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு நெசவாளர் குமரேசன் கொல்லையிலும் ஒரு மரம் உண்டு, அது நாவல். "இதும் நாவலுக்கு தங்கச்சி மாதிரிதாங்க்கா" என்றார் அவர். பால்காரர் காட்டுச் செர்ரி என்றார். கைப்பேசியில் இலையைக் காட்டிப் பெயர் சொல்கிற செயலியைப் போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் கிராம்பு என்றது, மறு நாள் காப்பி என்றது. அதோடு அதை அழித்துவிட்டாள்.

இந்த வருஷம் பழம் பழுக்கத் தொடங்கிய நேரத்தில் ஜினகுமார் ஒரு முடிவோடு வந்தான். மண்டியில் இடம் போதவில்லை. கொல்லையை மேடாக்கி அரிசி குடோன் கட்டப்போகிறான். மரம் வெட்ட ஆள் சொல்லியாயிற்று.

"அந்த சேத்துல கொசுதான் வளருது" என்றான்.

"மரம் இன்னா பண்ணுச்சிங்க உங்கள?"

"ஒண்ணும் பண்ணல. அதான் நானும் சொல்றேன். நெழலு தருது, சரி. பழம் குடுத்து பிரயோஜனம் இல்ல. பேரே இல்லாத மரம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, வியாபாரி என்பதால் ஒரு பேரமும் வைத்தான். "ஒண்ணு செய்யலாம். ஆளு வர்றதுக்குள்ள நீ பேர கண்டுபுடி. ஏதோ அபூர்வமான மரம்னா வெட்டல. சாதாரண மரம்னா பேசாம வெட்ட விட்டுடணும்."

பிரமிளாவுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. பெயர் சொல்ல ஆள் தெரியாமலா இருந்தாள்? போளூரில் இருந்து மதிவதனி என்று ஒருவர் தைராய்டு பார்க்க வந்துபோவார். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். ஊசி குத்தும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு செடிகொடிகளின் பெயர்களாக முணுமுணுப்பார், பயம் தெரியாமல் இருக்குமாம். அவரிடம் போனில் கேட்டாள். கிளையோடு, பழத்தோடு, இலையோடு கொண்டுவரச் சொன்னார் மதிவதனி.

இங்கேதான் பிரமிளா தவறு செய்தாள். பச்சைக் கிளையை ஒடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் பூஜைக்குக்கூட உதிர்ந்த பூவைப் பொறுக்குவதுதான் அவளுக்குப் பிடித்த வழக்கம். உதிர்ந்தது போதுமே என்று நினைத்தாள். விடிந்ததும் மரத்தடிக்குப் போய், நல்ல பழமாகப் பத்துப் பதினைந்து பொறுக்கினாள். அப்போதுதான் விழுந்த மாதிரி பளபளவென்று கிடந்த இலைகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். பழத்தைக் குப்பியில் போட்டாள், இலையை உறையில் போட்டாள். இரண்டிலும் "கொல்லை மரம்" என்று அழகாக எழுதி ஒட்டினாள். மதிவதனி லேபுக்கு வந்தபோது கையில் கொடுத்தாள்.

பதில் போனில் வந்தது, விளக்கு வைத்த பிறகு.

"நாவல்தாங்க அக்கா. இலைய பார்த்தாலே தெரியுது. பழம் சின்னதா இருக்கு, நாட்டு ரகமா இருக்கும். ஏமாத்தமா?"

ஏமாற்றம்தான். ஏதோ ஒரு சொந்தக்காரர் ரயிலில் வருகிறார் என்று ஸ்டேஷனுக்கு ஓடி, வெறும் கையோடு திரும்புவது மாதிரி இருந்தது. ஜினகுமார் கேலி செய்யவில்லை, அது அவன் குணமில்லை. "சரி வுடு. பேரு தெரிஞ்சுபோச்சு, நாளைக்கு தின்னுகூட பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னான். பொழுது சாய்ந்துவிட்டதால் அன்றைக்கு அதுவும் முடியாது.

மறு நாள் காலையில் தருமன் வந்துவிட்டார், இரண்டு ஆட்களோடும் ரம்பத்தோடும். போளூர் பக்கத்து ஆள். தோப்புத் தோப்பாக மரம் பார்த்த கை, அளந்துதான் பேசுவார். மரத்தைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்க வேண்டிய டிராக்டர் மட்டும் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் தறியில் ஏற்றப்போகும் பாவைக் குமரேசன் தெருவில் நீட்டியிருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்தில், மாம்பழ நிறத்தில் பட்டு இழைகள் விறைப்பாக நின்றன. ஆரணியில் இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். பாவு தெருவில் இருக்கும்வரை எந்த வண்டியும் நுழையாது, மாப்பிள்ளை கார் வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

"வண்டி வர்ற வரைக்கும் கொம்ப எறக்கி வெக்கிறேன் நயினாரே" என்று சொல்லிவிட்டுத் தருமன் மரத்தில் ஏறினார். ஜினகுமார் தலையாட்டிவிட்டு மண்டிக்குப் போனான்.

முதல் கிளை சேற்றில் வந்து விழுந்தது.

பிரமிளா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. போகிற மரத்தின் பழத்தை ஒரு தடவையாவது தின்று பார்ப்போம், இனி நாவல்தானே என்று கிளையருகே போனாள். கொத்தாக இருந்ததில் நன்றாகக் கனிந்த ஒன்றைக் கிள்ளினாள். கிணற்றுத் தண்ணீரில் கழுவினாள். வாய்க்குக் கொண்டுபோகும்போது மறு கையில் கிளை இருந்தது. அந்தக் கைவிரல்களுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

சிறுகிளை உருண்டையாக இல்லை. நான்கு பட்டையாக இருந்தது.

பழத்தைக் கீழே இறக்கினாள். கிளையில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்தாள். அகலமான இலை, மொண்ணையான நுனி. நேற்று உறையில் போட்டுக் கொடுத்தது நீளமான இலையல்லவா? கூர்நுனியோடு இருந்ததல்லவா? தலையைத் தூக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குமரேசன் வீட்டு நாவல் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே ஒரு இலை சுழன்று சுழன்று வந்து இந்த மரத்தடியில், அவள் தினமும் பொறுக்குகிற இடத்தில், சாவகாசமாக உட்கார்ந்தது.

குனிந்து அதை எடுத்தாள். நீளமான இலை, கூர்நுனி.

பழம் இந்த மரத்தினுடையது. இலை பக்கத்து வீட்டு மரத்தினுடையது. இரண்டிலும் ஒரே பெயரை ஒட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

"நிறுத்துங்க! தருமன், நிறுத்துங்க! சாம்பிள் மாறிப்போச்சு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மேலே இருந்த தருமனுக்கு சாம்பிள் புரியவில்லை, கூச்சல் புரிந்தது. ரம்பத்தைக் கிளையில் மாட்டிவிட்டு, "இன்னா ஆச்சுமா, பாம்பா?" என்றார்.

ஜினகுமாருக்குப் போன் போட்டாள். மண்டிக்குள் அரிசி சலிக்கிற சத்தத்துக்கு மேல் கத்தினாள். அவன் முதலில் அலுத்துக்கொண்டான். நேற்றுத்தானே பெயர் சொன்னார்கள், இன்றைக்கு வேறு பெயரா, இதே பேஜாராக இருக்கிறதே என்றான். "நான்தாங்க தப்பு பண்ணேன். சாம்பிள மாத்தி குடுத்துட்டேன்" என்றாள். மனைவியின் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"பாவு சுருட்டிட்டா டிராக்டர் உள்ள வந்துடும்" என்றான் கடைசியில். "தருமனுக்கு நாளைக்கு சேத்துப்பட்டுல வேல. அதுவரைக்கும்தான் டைம்."

மதிவதனியின் போன் அணைந்திருந்தது. நேரே அவர் வீட்டுக்கே போய்விடுவது என்று பிரமிளா முடிவெடுத்தாள்; விலாசம் அவளே லேப் சீட்டில் எழுதியதுதான். விழுந்த கிளையில் கைக்கு அடங்குகிற ஒரு கொம்பை, இலையும் பழமும் ஒட்டியபடியே, தருமனிடம் வெட்டித் தரச் சொன்னாள். அதை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். பாவின் ஓரத்தில் குமரேசன் ஒவ்வொரு இழையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டு முறுக்கிக்கொள்ளும்.

"குமரேசா, கொஞ்சம் மெதுவா சுருட்ட முடியுமா?"

குமரேசன் கிளையைப் பார்த்தார், தெருமுனையில் உறுமிக்கொண்டிருந்த டிராக்டரைப் பார்த்தார், கடைசியாக அவள் காலைப் பார்த்தார். ஒன்றில் பச்சை வார், மற்றதில் கறுப்பு. அப்போதே அவருக்கு விஷயத்தின் அவசரம் விளங்கியிருக்க வேண்டும்.

"இழ நெறைய அறுந்துருக்குதுக்கா" என்றார், ஒரு இழையும் அறுந்திராத பாவைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணொண்ணா பொணைக்கணும். நீங்க ஜல்தியா போய்ட்டு வாங்க."

போளூர் பஸ்ஸில் பிரமிளாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் கிளையை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைக் கூட்டிப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் பழத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினாள். "இன்னா பழம்மா இது? ஒண்ணு குடேன்."

"தின்னாதீங்க! இன்னும் பேரு தெரியாது!"

அந்த அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். பிரமிளாவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அவள் கிளையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மரம் வீட்டுக் கொல்லையிலேயே இத்தனை வருஷம் நின்றும் ஒரு தடவைகூடக் கிளையைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லையே என்று இருந்தது. பழக்கொத்து இலைக்காம்பின் இடுக்கிலிருந்து கிளம்பியிருந்தது. காம்பு நீளம். இலையைக் கசக்கினால் லேசான வாசனை. மனசுக்குள் யாரோ மத்தளம் அடித்தார்கள்.

மதிவதனி வீட்டில்தான் இருந்தார், விடுமுறை. கதவைத் திறந்ததும் பிரமிளா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், நான் குடுத்த எல பக்கத்து வூட்டுது. பழம் எங்க வூட்டுது. ரெண்டையும் கலந்துட்டேன். இதான் அசலு."

மதிவதனி கிளையை வாங்கினார். முதலில் சிரித்தார். பிறகு சிறுகிளையை விரலால் உருட்டிப் பார்த்தார், உருளவில்லை. சிரிப்பு நின்றது. இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழக்கொத்து கிளம்புகிற இடத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அக்கா, நாவல்ல பழக்கொத்து எலையில்லாத பழைய குச்சியிலதான் வரும். இதுல எல இடுக்குல வந்துருக்கு. இது நாவல் இல்ல." "நேத்தே கிளையோட கேட்டிருக்கணும். உதிர்ந்த எலைய வெச்சு நான் சொல்லியிருக்கவே கூடாது. அந்த மரம் எங்க நிக்குது? வறண்ட எடமா?"

"இல்ல மேடம், சேறு. கோடைலயும் சேறு. அத மேடாக்கத்தான் எங்க வூட்டுக்காரர் குதிச்சிகினு இருக்காரு."

"சேறா!" மதிவதனி நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். "வேரு மேல தெரியுதா?"

"வளைஞ்சி வளைஞ்சி மேலதான் கெடக்குது. அதுல தடுக்கி நானே விழுந்துருக்கேன்."

"பேர நான் இப்ப சொல்ல மாட்டேன். நேத்து சொன்னதே போதும். கேரளால என் சிநேகிதி ஒருத்தி சதுப்புக் காட்டு மரங்கள மட்டுமே பார்க்கிறவ. அவளுக்குப் படம் அனுப்பறேன். அவ சொன்னாத்தான் உறுதி. ஆனா நான் நினைக்கிறது சரியா இருந்தா, இத வெட்டினா நம்மள யாரும் மன்னிக்க மாட்டாங்க. மொதல்ல வெட்டறத நிறுத்துங்க!"

பிரமிளா ஜினகுமாரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மதிவதனி ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழியெல்லாம் பிரமிளா பின்னால் உட்கார்ந்து கிளையை ஒரு கையில் உயர்த்திப் பிடித்திருந்தாள், இலை நசுங்கிவிடக் கூடாதாம். எதிரே வந்தவர்கள் ஏதோ கட்சி ஊர்வலத்துக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பாவு சுருட்டியாகியிருக்கும், டிராக்டர் உள்ளே போயிருக்கும், மரம் சாய்ந்திருக்கும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வெயிலில் எந்த நெசவாளரும் பாவைத் தெருவில் விட்டுவைக்க மாட்டார்.

தெருமுனையில் டிராக்டர் இன்னும் நின்றிருந்தது. ஓட்டுநர் அதன் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பாவும் நின்றிருந்தது. அதன்மேல் ஈரத்துணி போட்டிருந்தார்கள். ஒரு கோடியில் குமரேசன் குனிந்து, அறுந்ததோ அறுக்கப்பட்டதோ, இழை பிணைத்துக்கொண்டிருந்தார். மறு கோடியில், பாவின் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியில் வியர்வை வழிய, வெள்ளை வேட்டியில் நின்றிருந்தது ஜினகுமார்.

பட்டுக் கடைப் படிகூட ஏறாத மனிதன். பிரமிளா ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே வாயைப் பிளந்தாள்.

"குச்சியதான் புடிச்சிகினு கீறேன்" என்றான் அவன் அவசரமாக. "நூல தொடல."

"போன் ஏங்க எடுக்கல?"

"ரெண்டு கையும் இதுல இருக்குதே, எத வெச்சி எடுக்கறது? நீ சாம்பிள் மாறிப்போச்சுன்னியா, மனசு கேக்கல. மண்டில உக்காரவே முடியல. வந்து பார்த்தா இவரு தனியா நின்னு பொய்யா இழ கட்டிகினு இருக்காரு. புடிக்க ஆள் இல்லன்னாரு."

பிரமிளா ஸ்கூட்டரிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் போனாள். "வேட்டியில பாவுக் கஞ்சி பட்டுகீது பாருங்க" என்றாள்.

கொல்லையில் தருமன் மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். முதல் கிளையோடு சரி. "நயினாரு சொல்றவரைக்கும் கத்தி வெக்க மாட்டேம்மா" என்றார். மதிவதனி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றிலேயே இறங்கினார். கணுக்கால் வரை அமிழ்ந்தது. வேரைத் தொட்டார், பட்டையைத் தொட்டார், அண்ணாந்து பார்த்தார். பிறகு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். படங்கள் எல்லாம் போயாயிற்று, ஆனால் அந்தச் சிநேகிதி காட்டுக்குள் இருக்கிறாராம், சிக்னல் கிடைத்தால்தான் பேச முடியுமாம்.

காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. குமரேசன் பாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வந்தார். டிராக்டரை ஜினகுமாரே திருப்பி அனுப்பினான். தருமன் போயிருக்கலாம், போகவில்லை. "பேர கேட்டுட்டுதான் போவேன்" என்று உட்கார்ந்துவிட்டார். பிரமிளா எல்லாருக்கும் சோறு போட்டாள், மோர் கொடுத்தாள், ஆளுக்கு இரண்டு தடவை உப்பு வைத்தாள். தெருவிலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, "பேர் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிரசவ வார்டு வாசல் மாதிரி இருந்தது அந்தக் கொல்லை.

வெயில் சுவர் மேலேறி மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது மதிவதனியின் போன் அடித்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து மலையாளமும் தமிழும் கலந்து ஒரு பெண் கத்தியது கிணற்றுக்குள் எதிரொலித்தது. அவர் சொன்னதில் பாதி யாருக்கும் புரியவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

குளவெட்டி.

"குளவெட்டி! அதேதான்!" மதிவதனி குதித்ததில் சேறு தெறித்து ஜினகுமாரின் வேட்டியை மிச்சம் மீதி இல்லாமல் முடித்துவைத்தது. "நாவலோட வம்சம்தான். மேற்கு மலைப் பக்கம், மழைக்காட்டுச் சதுப்புல மட்டும் வளர்ற மரம். அந்தச் சதுப்பையெல்லாம் மேடாக்கி மேடாக்கி, இப்ப எண்ணி எடுத்துடற அளவுக்குத்தான் மிச்சம். அழிஞ்சுபோற பட்டியல்ல மேல இருக்கு. இங்க இவ்வளவு தூரத்துல, இந்த வெயில்ல, எப்படி நிக்குது இது!"

"கெணத்தடி தண்ணி" என்றாள் பிரமிளா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நாங்க கழுவி ஊத்தின தண்ணி."

ஜினகுமார் மரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு, மெதுவாக, "பேர இன்னொரு வாட்டி சொல்லு" என்றான்.

"குளவெட்டி."

"குளவெட்டி" என்று அவனும் சொன்னான். சொல்லிவிட்டுக் குனிந்தான். சேற்றின் ஓரத்தில், காய்ந்த இடத்தில் கிடந்த ஒரு பழத்தை எடுத்தான். கிணற்றடியில் கழுவினான். "தின்னலாமா மேடம்?"

"நாவல் வம்சம்தானே. தாராளமா."

மேற்கே சூரியன் இன்னும் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, அறுபதை நெருங்குகிற அரிசி மண்டி முதலாளி அந்தப் பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினான். அடி வாங்கிய கையைத் தன்னையறியாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். மெல்ல மெல்ல அவன் கண்ணோரம் நனைந்தது.

"எப்படிங்க இருக்குது?"

"ஒண்ணும் பெரிசா இல்ல" என்றான். "கொஞ்சம் தொவர்ப்பு." அப்புறம் அடுத்த பழத்துக்குக் குனிந்தான்.

குமரேசன் தின்றார், தருமன் தின்றார், தெருவிலிருந்து வந்தவர்களெல்லாம் ஆளுக்கொன்று தின்றார்கள். மதிவதனி கத்தினார்: "விதைய துப்பிடாதீங்க! ஒண்ணுகூட வீணாகக் கூடாது! எல்லாம் முளைக்க வெக்கணும்!" அவ்வளவுதான், பிரமிளா உள்ளே ஓடினாள். காலிக் குப்பிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினாள். ஒவ்வொரு குப்பியிலும் "குளவெட்டி, ஆரணி" என்று எழுதி ஒட்டினாள். எழுதியதைத் திரும்பப் படித்தாள். இந்த முறை பழமும் விதையும் மரமும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு குப்பிக்கும் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

"அப்ப குடோனு?" என்று தருமன் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"வாசப்பக்கம் கட்டிக்கலாம்" என்றான் ஜினகுமார். "இங்க ஒரு கூடை மண்ணுகூட கொட்டக் கூடாது."

கடைசிக் குப்பியை மூடிவிட்டு பிரமிளா நிமிர்ந்தாள். அப்போதுதான் ஜினகுமாருக்கு உறைத்தது.

"ஐயோ, நீ தின்னியா?"

அவள் மேற்கே பார்த்தாள். சுவரில் வெயில் இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பழத்துக்குப் பெயர் தேடியவள் அவள் ஒருத்திதான், தின்னாமல் நின்றதும் அவள் ஒருத்திதான்.

பிரமிளா காலைக் குனிந்து பார்த்தாள். ஒன்றில் பச்சை வார், மற்றதில் கறுப்பு, இரண்டிலும் சேறு. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அதனால இன்னாங்க" என்றாள். "நாளைக்கும் மரம் இருக்கும் இல்ல."